இல்லத்திலிருந்து எழுந்த தொண்டு
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது மேடைகளிற் சான்றோரை நினைவுகூரும்போது பெரும்பாலும் இருவகையினரைப் பற்றியே பேசி வருகிறோம். வீட்டையும் உறவையும் விட்டு நீங்கிய துறவிகள் ஒரு வகையினர். நாட்டை நடத்திய தலைவர்கள் மற்றொரு வகையினர். மனைவி மக்களோடு ஒரு மலைக்கிராமத்திற் குடியிருந்து, அயலவர்க்கு மண்ணையும் நீரையும் மரத்தையும் காக்கக் கற்பித்து, தொண்ணூறு வயதையும் கடந்து வாழ்ந்து மறைந்த ஒருவர் இவ்விரு வகையிலும் அடங்கமாட்டார். அத்தகைய ஒருவரைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் சுந்தர்லால் பகுகுணா.

அவர் பிறந்த நாடு, இன்று இந்தியாவின் உத்தரகண்ட மாநிலத்தில் அடங்கிய கார்வால் மலைநாடு. சைவ மக்களாகிய நமக்கு அந்நாடு முற்றிலும் புதியதன்று. ஞானசம்பந்தப் பெருமானும் சுந்தரமூர்த்தி நாயனாரும் பாடிய திருக்கேதாரம் அங்கேயே இருக்கிறது. பத்ரிநாதமும் கங்கோத்திரியும் அங்கேயே இருக்கின்றன. பகீரதன் தவத்தால் இறங்கி வந்தாள் என்று நாம் கதையிற் கேட்ட கங்கை, பாகீரதி என்னும் பெயரோடு அம்மலைகளினூடே ஓடி வருகிறாள். தலங்களின் பெருமையை நாம் நன்கறிவோம். அத்தலங்களைச் சுற்றிய சரிவுகளிற் புல்லறுத்து, விறகு சுமந்து, ஊற்று நீர் மொண்டு வாழும் மக்களின் பாட்டை நாம் அவ்வளவாக அறியோம். பகுகுணாவின் சரித்திரம் அம்மக்களின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது.

1927ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி தெஹ்ரி நகருக்கு அண்மையிலுள்ள மரோடா என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். அக்காலத்தில் தெஹ்ரி ஒரு மன்னராட்சிச் சமஸ்தானம். பதின்மூன்று வயதிருக்கும்போது ஸ்ரீதேவ் சுமன் என்னும் காந்தீயத் தொண்டரை அச்சிறுவன் சந்தித்தான். அச்சந்திப்பே அவனது வாழ்வின் திசையை மாற்றியது. சமஸ்தானத்து மக்களின் உரிமைக்காகப் போராடிய சுமன், தெஹ்ரிச் சிறையில் 84 நாள் உண்ணாநோன்பிருந்து, 1944ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் திகதி உயிர்நீத்தார். அப்போது பகுகுணாவுக்கு வயது பதினேழு. பதினேழு வயதில் ஒருவன் கண்ட தியாகம் அவனை எளிதில் விட்டகலாது என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வே சாட்சி.

இந்தியா சுதந்திரம் பெற்றபின் அவர் காங்கிரசுக் கட்சியில் உழைத்து, தம் ஜில்லாவிற் கட்சியின் காரியதரிசியாகவும் விளங்கினார். ஒடுக்கப்பட்ட குலத்து மாணவர்களுக்காகத் தெஹ்ரியில் விடுதியொன்றும் நடத்தினார். படிப்பும் பேச்சுத்திறனும் உழைப்பும் உடைய இளைஞர். மேலே ஏற ஏணி ஆயத்தமாயிருந்தது. அவ்வேளையில் அவருக்கு விமலா நௌடியால் என்னும் மங்கையோடு திருமணப் பேச்சு எழுந்தது.

விமலா யார் என்று சொல்ல வேண்டும். இலண்டனிற் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, காந்தியடிகளின் மாணவியாகிச் சரளாபென் என்று பெயர்பெற்ற அம்மையார், 1946ஆம் ஆண்டில் கௌசானி என்னுமிடத்தில் மலைநாட்டுப் பெண்களுக்கென ஓர் ஆசிரமம் நிறுவினார். எழுத்தோடு கைத்தொழிலும், கைத்தொழிலோடு கிராமத் தொண்டும் அங்கே கற்பிக்கப்பட்டன. அவ்வாசிரமத்திற் பயின்று, வினோபாவின் பூமிதான இயக்கத்திற் கிராமங்தோறும் நடந்து உழைத்தவர் விமலா. அவர் மணத்துக்கு இசையுமுன் ஒரு நிபந்தனை விதித்தார். கட்சி அரசியலை விட்டுவிட்டு, ஒரு கிராமத்திற் குடியேறி, அங்குள்ள மக்களோடு மக்களாய் வாழ்ந்து தொண்டு செய்ய உடன்படுவதாயின் மணம் செய்யலாம் என்பதே அந்நிபந்தனை.

நம் ஊர்களிலும் கலியாணப் பேச்சில் நிபந்தனைகளுக்குக் குறைவில்லை. காணி எத்தனை பரப்பு, வீடு எந்த வீதியில், காசு எவ்வளவு, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று இருதரப்பும் கேட்டுக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். “நீர் பதவியை விட்டு வாரும், நாம் இருவரும் குடிசையில் வாழ்வோம்” என்ற பொருள்படக் கேட்ட மணப்பெண்ணையும், அதற்குத் தலைசாய்த்த மணமகனையும் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? பகுகுணா உடன்பட்டார். 1956ஆம் ஆண்டில் அவர்கள் மணம் நிறைவேறியது.

பாலகங்கை என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கிற் சில்யாரா என்னும் கிராமத்தில் அவ்விருவரும் குடியேறினர். தம் கையாலேயே குடிசை கட்டினர். மலைநாட்டு மக்களுக்குப் புதுவாழ்வு தரும் மன்றம் என்று பொருள்படும் பெயரோடு ஓர் ஆசிரமத்தைத் தொடங்கினர். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கும், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் அங்கே கல்வி கிடைத்தது. இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்மகளும் அவர்களுக்குப் பிறந்தனர். செலவுக்குப் பகுகுணா பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதினார். வீடு, பள்ளிக்கூடம், தோட்டம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

திருவள்ளுவர் இல்லறவியலை முன்னும் துறவறவியலைப் பின்னும் வைத்தார். இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்தை அடுத்து வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தை வைத்தார். இம்முறைவைப்பின் பொருளைப் பரீட்சைக்காக நாம் மனனம் செய்திருக்கிறோம். சில்யாராவில் அதனை இருவர் வாழ்ந்து காட்டினர். மிஷன் கல்லூரியிற் படித்த காலத்தில் ‘ஊழியம்’ என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்டோம். இச்சங்கத்துக்கு வந்தபின் ‘தொண்டு’ என்ற சொல்லைக் கேட்கிறோம். சொல் எதுவாயினும் அது தொடங்க வேண்டிய இடம் வீட்டு வாசல் என்பதையே அவர்களது வாழ்வு நமக்குச் சொல்லுகிறது.

இனி அவர் கற்பித்த பாடம் யாது என்று பார்ப்போம். கார்வால் மலைச்சரிவுகளிற் பாஞ்ச் எனப்படும் ஓக் மரம் பண்டுதொட்டு வளர்வது. அதன் இலை மாட்டுக்குத் தீவனம். கொம்பு அடுப்புக்கு விறகு. உதிர்ந்து மக்கிய சருகு வயலுக்கு எரு. அச்சருகினால் மண் பஞ்சுபோலாகி, பெய்த மழையை உறிஞ்சி வைத்திருந்து, கோடையிலும் ஊற்றாகச் சிறிது சிறிதாகக் கசியவிடும். ஆங்கில ஆட்சிக் காலத்திலிருந்து வன இலாகாவினர் பைன் மரத்தையே பெரிதும் விரும்பினர். அதன் பிசினும் பலகையும் காசாகும். ஆனால் பைனின் ஊசியிலையை மாடு தின்னாது. அது எளிதில் மக்காது. கோடையில் வெகு விரைவிற் தீப்பற்றும். ஓக் மரம் குறைந்து பைன் பெருகிய சரிவில் ஊற்றுக்கள் வற்றின. காந்தியடிகளின் மற்றொரு மாணவியாகிய மீராபென், 1950களின் தொடக்கத்திற் பிலங்கனை ஆற்றின் பள்ளத்தாக்கில் வாழ்ந்தபோது இம்மாறுதலைக் கண்டு எழுத்திற் பதிந்து எச்சரித்தார். அவர் கண்டதைப் பகுகுணாவும் தம் மலைகளிற் கண்டார்.

இம்மாறுதலின் சுமை யார் தலையில் விழுந்தது? அம்மலைகளிற் பயிர்நிலம் குறைவு. ஆண்களிற் பலர் பிழைப்புத் தேடிச் சமவெளி நகரங்களுக்கும் பட்டாளத்துக்கும் போய்விட, அவர்கள் அனுப்பும் மணியோடரை நம்பிக் குடும்பங்கள் வாழ்ந்தன. புல்லுக்கும் விறகுக்கும் நீருக்கும் நடக்க வேண்டியவர்கள் பெண்கள். காடு ஒரு மைல் பின்வாங்கினால், அப்பெண்களின் நடை இரண்டு மைல் கூடும். 1970ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அளகநந்தை ஆறு பெருக்கெடுத்துப் பெருநாசம் விளைத்தபோது, மரம் வெட்டப்பட்ட சரிவுக்கும் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பை அம்மக்கள் நேரிலே கண்டனர்.

அதன் பின்னர் எழுந்ததே சிப்கோ இயக்கம். சிப்கோ என்றால் ஒட்டிக்கொள்ளுதல், அணைத்துக்கொள்ளுதல் என்று பொருள். 1973ஆம் ஆண்டில், ஏர் முதலிய கருவிகள் செய்யக் கிராமத்தவர் கேட்ட ஆஷ் மரத்தைக் கொடுக்க மறுத்த வன இலாகா, டென்னிஸ் மட்டை முதலியன செய்யும் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு அம்மரங்களை விற்றது. சண்டிப்பிரசாத் பட் என்பவரும் அவருடைய தோழர்களும் மண்டல் என்னும் கிராமத்தில் அதனைத் தடுத்தனர். 1974ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் திகதி, ஆண்கள் ஊரில் இல்லாத வேளையிற் ரேணி கிராமத்துக் காட்டுக்கு மரம் வெட்டுவோர் வந்தபோது, கௌராதேவி என்னும் கிராமத்துப் பெண்மணி 27 பெண்களை அழைத்துச் சென்று வழிமறித்து நின்று, அவர்களைத் திருப்பியனுப்பினார். 1977ஆம் ஆண்டில் அத்வானி என்னும் இடத்துக் காட்டிற் பெண்கள் மரங்களுக்கு இரட்சைக் கயிறு கட்டினர். பட்டப்பகலில் விளக்கேற்றிக்கொண்டு அதிகாரிகளுக்கு எதிரே வந்தனர். காடு என்ன தருகிறது என்று அதிகாரிகளைக் கேட்டால் பிசின், பலகை, பணம் என்பார்கள். தங்களைக் கேட்டால் மண், நீர், காற்று என்போம் என்பதே அப்பெண்களின் நிலை. இருட்டில் இருப்பவர் யார் என்பதை அந்த விளக்கே சொல்லிற்று.

சபையோர்களே, இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிப்கோ இயக்கத்தைப் பகுகுணா ஒருவரே தோற்றுவித்தார் என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அவ்வாறு சொல்வது பட் அவர்களுக்கும், கௌராதேவிக்கும், பெயர் எழுதப்படாத நூற்றுக்கணக்கான பெண்களுக்கும் இழைக்கும் அநீதியாகும். பகுகுணாவின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கிராமத்துப் பெண் தன் அனுபவத்தாற் கண்டறிந்த உண்மையை மற்றொரு கிராமத்துக்குக் கொண்டு சென்றவர் அவர். முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு நடந்தார், நடந்த இடமெல்லாம் பேசினார், பேசியதை எழுதினார். 1979ஆம் ஆண்டு ஜனவரியில் மரம் வெட்டுதலை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்து கைதானார். 1981 முதல் 1983 வரை காஷ்மீரத்திலிருந்து நாகலாந்தின் கோஹிமா வரை இமயமலை நெடுகச் சுமார் 4,870 கிலோமீற்றர் தூரம் பாதயாத்திரை செய்தார். அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக எழுந்த இவ்வியக்கத்தின் பயனாக, 1,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் வளரும் பச்சை மரங்களைப் பதினைந்து ஆண்டுக்கு வெட்டலாகாது என்னும் தடை, இந்திராகாந்தி அம்மையார் பிரதமராயிருந்த காலத்தில் அம்மலைப்பகுதிக்குக் கிடைத்தது.

அவர் வெறுமனே வெட்டாதே என்று மட்டும் கற்பிக்கவில்லை. எதை நடுவது என்றும் கற்பித்தார். உணவு, தீவனம், விறகு, எரு, நார் ஆகிய ஐந்தையும் தரும் மரங்களை மலைச்சரிவில் நடுக என்றார். சூழலைப் பேணுவதே நிலையான பொருளாதாரம் என்பது அவர் ஓயாது சொல்லிவந்த வாசகம். 1981ஆம் ஆண்டில் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளிக்க முன்வந்தபோது, மரங்கள் இன்னும் வீழ்ந்துகொண்டிருக்கையில் அதனை ஏற்க இயலாதென மறுத்தார். 1987ஆம் ஆண்டில், மாற்று நோபல் பரிசு என்று பலர் அழைக்கும் நல்வாழ்வுரிமைப் பரிசு சிப்கோ இயக்கத்துக்கு வழங்கப்பட்டது. பத்மவிபூஷண் விருது 2009ஆம் ஆண்டில் அவருக்கு அளிக்கப்பட்டது.

இத்தனை நடையும் நோன்பும் சிறையும் நிகழ்ந்த காலத்திற் சில்யாராவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தனர், ஆசிரமத்துப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் விமலா. அவரும் வீட்டுக்குள் அடங்கியிருந்தவர் அல்லர். மதுவுக்கு எதிராக அப்பகுதிப் பெண்கள் எழுந்தபோதும், காட்டுக்காக எழுந்தபோதும் அவர்களை ஒன்றுகூட்டியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. கணவர் ஊர் ஊராக நடந்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. மனைவி ஓரிடத்தில் நின்றதை எழுதினோர் சிலரே. பகுகுணாவைச் சிறந்த குடும்பத்தவர் என்று நாம் புகழும்போது, அக்குடும்பத்தின் சுமையிற் பெரும்பகுதியைத் தாங்கியவர் யார் என்பதை மறைத்துப் புகழ்தல் ஆகாது. அவர்களுடைய இல்லறத்துக்கு அடிக்கல் நாட்டிய நிபந்தனையும் அவ்வம்மையாருடையதே.

இனி அவர் வாழ்வின் கடினமான பகுதிக்கு வருகிறோம். பாகீரதியும் பிலங்கனையும் கூடுமிடத்திலே அமைந்தது தெஹ்ரி நகர். அங்கே 260.5 மீற்றர் உயரமான பேரணை கட்ட அரசாங்கம் திட்டமிட்டது. நிலநடுக்கம் நிகழும் மலைநாட்டில் அத்துணைப் பெரிய நீர்த்தேக்கம் ஆபத்தென்றும், பல்லாயிரம் மக்கள் தம் ஊரை இழப்பரென்றும் பகுகுணா எதிர்த்தார். 1991ஆம் ஆண்டு ஒக்டோபரில் அண்மையிலுள்ள உத்தரகாசியிலே பூமி அதிர்ந்து 700க்கு மேற்பட்டோர் மாண்டபோது, அவரது அச்சம் வீணானதன்று என்று பலரும் உணர்ந்தனர். அணை எழும் இடத்திலேயே ஆற்றங்கரையில் ஒரு குடிலமைத்து, விமலாவும் உடனிருக்க, அவர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். பலமுறை உண்ணாநோன்பிருந்தார். 1996ஆம் ஆண்டில் 74 நாள் நோன்பிருந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. திட்டத்தை மீளாய்வு செய்வதாகப் பிரதமர்கள் வாக்களித்தனர். ஆயினும் வேலை மீண்டும் நடந்தது. 2001ஆம் ஆண்டில் அவர் கைதானார். 2004ஆம் ஆண்டில் நீர் உயரத் தொடங்கியதும் அக்குடிலைவிட்டு வெளியேற்றப்பட்டார். 2006ஆம் ஆண்டில் அணையிலிருந்து மின்சாரம் பிறந்தது. அவரது குருவாகிய சுமன் உயிர்நீத்த பழைய தெஹ்ரி நகர் நீருக்கடியிற் போயிற்று.

அணை பயனற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. அது 1,000 மெகாவாற்று மின்சாரம் உண்டாக்கும் ஆற்றலுடையது. அதன் நீரைத் தில்லி மாநகரத்து மக்களும் பருகுகின்றனர். விளக்கு வேண்டும், நீர் வேண்டும் என்று கேட்கும் நகரத்தாரில் நம்மையொத்த மாணவர்களும் இருக்கிறார்கள். அவ்விளக்குக்கும் நீருக்கும் விலை கொடுத்தவர் யார், அவர்களைக் கேட்டுத்தான் கொடுத்தோமா என்பதே பகுகுணா எழுப்பிய வினா. அவ்வினா அணைக்கடியில் மூழ்கவில்லை. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் திருக்கேதாரத்தை வெள்ளம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி மலைமுகட்டிலிருந்து பாறையும் பனியும் சரிந்து விழுந்து, கௌராதேவியின் ரேணி கிராமத்தருகே பெருவெள்ளமாகப் பாய்ந்தது. வழியிலிருந்த நீர்மின் நிலையங்கள் அழிந்தன. 200க்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ மறைந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கூலிக்கு உழைத்த தொழிலாளர். இத்துன்பங்களை எல்லாம் ஒரே காரணத்தில் ஏற்றிச் சொல்லுதல் முறையன்று. இளமையான, இன்னும் அசைந்துகொண்டிருக்கும் மலையில் எதைக் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்பதை அளந்தறிந்து செய்ய வேண்டுமென்பதை அவை உணர்த்துகின்றன. அம்முதியவர் சொல்லிவந்ததும் அதுவே.

அவ்வாண்டு மே மாதம் 21ஆந் திகதி, கொரோனா நோய்க்கு ஆளாகி, ரிஷிகேசத்து ஆசுபத்திரியிற் பகுகுணா காலமானார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்று நான்கு. அவரோடு அறுபத்தைந்து ஆண்டுக்குக் கிட்டிய காலம் இல்லறம் நடத்திய விமலா அம்மையார் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மறைந்தார்.

அணையைத் தடுக்க முடியாதுபோன அவரது வாழ்வு தோல்விதானே என்று ஓர் இளைஞர் நம்மைக் கேட்கக்கூடும். ஆசிரியரை அளக்கும் கோல் வேறு. வழக்கில் வென்றாரா என்று நியாயவாதியைக் கேட்பார்கள். யாரிடம் எதை விட்டுச் சென்றார் என்று ஆசிரியரைக் கேட்பார்கள். மரம் காசு என்று மட்டும் எழுதியிருந்த கணக்குப் புத்தகத்தில், ஊற்றையும் மண்ணையும் பெண்ணின் நடையையும் எழுத வேண்டும் என்று ஒரு தேசத்துக்குக் கற்பித்தவர்களில் அவர் ஒருவர். அப்பாடம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

நம்மிற் பலர் படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் ஊரைவிட்டுப் போகப் போகிறவர்கள். போவது குற்றமன்று. போகுமிடத்தில் நல்ல சங்கத்திற் சேர்ந்து நல்ல பேச்சுப் பேசுவோம். ஆனால் மேடையில் ஒன்றும் வீட்டில் வேறொன்றுமாய் வாழ்ந்தால், நம் பேச்சை அயலவர் நம்பார். நம் பிள்ளைகள் அதனினும் முன்னதாகவே நம்பாமல் விடுவர். சங்கங்கள் மரம் நடும் விழாக்கள் எடுக்கின்றன. விழாவன்று படம் பிடிக்கிறோம். அடுத்த பங்குனி வெயிலில் அக்கன்றுக்கு நீர் வார்ப்பவர் யார்? நட்ட மரத்தை மூன்று கோடை காத்த பின்னரே அதனைச் சங்கத்தின் கணக்கிற் சேர்ப்பதென்று ஒரு விதி செய்துகொள்ளலாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எந்த மரத்தை நடுவது என்பதை, நமக்கு முன்னே, வீட்டிலே நீர் அள்ளுகிறவர்களையும் விறகு பொறுக்குகிறவர்களையும் கேட்டு முடிவு செய்தால் இன்னும் நன்று. தம் வளவில் ஒரு மரத்தை ஐம்பது ஆண்டு காத்திருக்கும் பெரியோர்கள் இச்சபையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டறியவும் நமக்கு நிரம்ப உண்டு.

மணப் பேச்சில் ஒரு மங்கை கேட்ட நிபந்தனையும், அதற்கு ஓர் இளைஞர் கொடுத்த வாக்கும் அறுபது ஆண்டுக்கு மேல் பிழையாது நின்றன. அவ்விருவரின் நினைவுக்கும் நம் சங்கத்தின் சார்பில் அஞ்சலி செலுத்தி அமைகிறோம்.